தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஓர் அரசு மருத்துவமனையில் நாய்க்கடிக்கு ஊசி போடும் டாக்டராக இருந்தேன். தினம் ஒன்றாகப் பதினான்கு நாள் வயிற்றில் குத்தும்போது கதறும் பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்து, வலி குறைந்த தடுப்பூசிக்காக ஆராய்ச்சி செய்ய பிஎச்.டி. சீட் கேட்டு ஒரு பேராசிரியரிடம் போனேன்.

"நாய்க்கடிக்குத்தான் ஊசி இருக்கே, புதுசா நீ என்னம்மா கிழிக்கப் போற?" என்று தன் மாணவர்கள் முன்னால் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது.

சில மாதம் கழித்து, பெரிய மார்க்கெட் மீன் கடைப் பக்கம் அவரை நாய் கடித்துவிட்டது. என்னிடம்தான் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் நாளே வயிறு வீங்கிவிட்டது. சட்டையைத் தூக்கிக்கொண்டே கேட்டார்.

"வலிக்காத ஊசி ஒன்னுகூட இல்லியா டாக்டரம்மா?"

"அதக் கண்டுபுடிக்கத்தான் சார் உங்ககிட்ட சீட்டு கேட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

பழிவாங்கும் குணம் எனக்கு இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஊசியை ஒழுங்காகத்தான் போட்டேன். ஆனால் அந்தப் பதினான்கு நாளும் நான் லீவு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட நானே போனேன்.