குட்டிப் பட்டணத்துப் போலீஸ் ஸ்டேசன்

கோவிந்தம்மாவப் பத்தி எங்கிட்ட கேட்டா நான் உள்ளது உள்ளபடிதான் சொல்லுவேன். காசிமேட்டுல அவளுக்குப் பக்கத்துலயே குந்திகினு இத்தினி வருசமா மீன் விக்கறவ நான், ரோசி. எவனாவது வஞ்சிரத்த அமுக்கிப் பாத்து "நேத்து மீனாம்மா?"ன்னு கேட்டா, "ஆமா, உங்க தாத்தா கல்யாணத்துக்குப் புடிச்சது, போய்கினே இரு"ன்னுவா. மாமூல் கேட்டு ரவுடிப் பசங்க வந்தாக்கூட அரிவாமணைய வுட்டு எந்திரிக்க மாட்டா. அப்பேர்ப்பட்ட பொம்பள ஒரே ஒருத்தனுக்குப் பயந்தா. அவ தங்கச்சி மலரோட புருசன் ரகுபதிக்கு.

ரகுபதி லாஞ்சுல தொழிலுக்குப் போற ஆளு. அவன் கடல்ல கீற வரைக்கும் மலருக்கு நிம்மதி. கரைக்கு வந்தா அடி, ஒதை. காக்கிநாடா பக்கம் எவளையோ சேத்துக்கினான்னு பேச்சு. மலரு ஒயிஞ்சா அவள இங்க இட்டாந்துருவேன்னு ஒயின் ஷாப்புல குந்திகினு சொன்னானாம். அந்த வருசம் பொங்கல் அன்னிக்கு மலரோட பல்ல ஒடச்சான். கோவிந்தம்மா தங்கச்சியக் கையப் புடிச்சி வூட்டுக்கு இட்டாந்தா. அந்தக் கஸ்மாலம் வந்து கால்ல வுயுந்து அயுதான். மலரும் மூக்கத் தொடச்சிக்கினு அவன் பின்னாடியே போய்ட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள நானே ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன். தங்கச்சி உசுரு இருக்குமா, போவுமான்னு கோவிந்தம்மாவுக்கு நெதம் தூக்கம் கெட்டுச்சி.

அது ரெண்டாயிரத்து ரெண்டு, மே மாசம். தடைக்காலம்னு லாஞ்சு ஒண்ணும் கடலுக்குப் போகல. ஆம்பளைங்க பூரா கரையில கெடந்தாங்க, எங்களுக்கும் யாவாரம் இல்ல. அப்பதான் எங்க சர்ச்சு சிஸ்டரு எயும்பூர் பக்கம் ஒரு எடத்துக்குப் பாஸ் குட்தாங்க. ஒரு பெரிய ஹாலுக்குள்ள கொயந்தைங்களுக்குன்னே குட்டியா ஒரு பட்டணம் கட்டி வச்சிக்கிறாங்களாம். குட்டி ஆஸ்பத்திரி, குட்டி பேங்கு, கடை, போலீஸ் ஸ்டேசன். பசங்க கோட்டு, தொப்பி மாட்டிக்கினு டாக்டராவும் போலீஸாவும் வெளாடலாம், தவழற புள்ளைங்களுக்கு மெத்தை போட்டுத் தனி எடம் கூட கீதுன்னாங்க. "மலரு பசங்கள இட்டுக்கினு போலாம் ரோசி"ன்னா கோவிந்தம்மா. அவளுக்குப் புள்ள குட்டி கெடையாது. மலரு பெத்த ரெண்டுதான் அவளுக்கு உசுரு. பெரியவ யமுனாவுக்கு அஞ்சு வயசு, கைப்புள்ள டில்லிபாபு இன்னும் நடக்க ஆரம்பிக்கல.

ரகுபதி அனுப்ப மாட்டான்னு சண்டைக்கு ரெடியாத்தான் போனோம். போனா, அவனே யமுனாவுக்குத் தலை சீவிக்கினு கீறான்! பெத்ததுலேர்ந்து தொட்டுத் தூக்காத கைப்புள்ளைய எங்கையில குட்து, பால் பாட்டில பையில வச்சி, "அவசரமே இல்லக்கா. இருட்டுனப்புறம் வந்தாப் போதும்"னான். மலரு மொகத்துல அப்படியொரு சிரிப்பு. "அக்கா, இத்தப் பாரேன், அவரு வாங்கியாந்தாரு"ன்னு ஒரு புதுப் பித்தள பம்ப் ஸ்டவ்வக் காட்டுனா. பயைய திரி ஸ்டவ்வ அவனே எடைக்குப் போட்டுட்டானாம்.

"ஆளு மாறிட்டான் ரோசி"ன்னு பஸ்ஸு பூரா கோவிந்தம்மாவுக்கு சந்தோசம். "இவனாவது மாறுறதாவது"ன்னேன். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? கம்முனு வா"ன்னு எம்மேல எரிஞ்சி வுயுந்தா.

அந்த எடம் சும்மா சொல்லக் கூடாது, ஜோராத்தான் இருந்திச்சி. ஏசி வேற. டில்லிபாபு மெத்தையில பந்துங்களோட உருண்டுகினு இருந்தான். யமுனா ஆஸ்பத்திரியில பொம்மைக்கு ஊசி போட்டா. கடையில குந்தி பிளாஸ்டிக் மீனு வித்தா. பணக்கார வூட்டுப் பையன் ஒருத்தன் வெலை கேட்டதுக்கு, "வாங்கற மூஞ்சியப் பாரு"ன்னா பாரு, அசல் பெரிம்மாவேதான். கோவிந்தம்மாவுக்குச் சிரிச்சிச் சிரிச்சிப் பொரை ஏறிச்சி.

அப்புறம் போலீஸ் ஸ்டேசன். காலேஜ் பொண்ணு ஒண்ணு தொப்பி போட்டுக்கினு மேசைக்கு அந்தாண்ட குந்தியிருந்திச்சி. "வாங்க மேடம். போலீஸ் கேட்டா தைரியமா பதில் சொல்லணும், சரியா? உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டுச்சி.

யமுனா காலச் சேத்து வச்சி நின்னா. கையக் கட்டிக்கினா. இஸ்கோல்ல பாட்டு ஒப்பிக்கிறாப்பல கடகடன்னு சொன்னா. "எங்கம்மா ஸ்டவ்வுல ரொம்பப் பம்ப் அடிக்கும். எங்கப்பா வேணாம் வேணாம்னு சொல்லும். எங்கம்மா கேக்காது. அதான் வெடிச்சிச்சி. எங்கப்பா நல்ல அப்பா."

"அய்யோ, எவ்வளவு அழகா பேசுறா!"ன்னு அந்தப் பொண்ணு கை தட்டுச்சி.

கோவிந்தம்மா அப்படியே தரையில முட்டி போட்டுட்டா. "யார்ரா கண்ணு இத்தச் சொல்லிக் குட்தது?"

"அப்பாதான். போலீஸ் மாமா கேட்டா இப்படித்தான் சொல்லணும். தப்பில்லாம சொன்னா சைக்கிள் வாங்கித் தருவாரு. அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"எப்பம்மா வெடிச்சிச்சி?"

"இன்னும் வெடிக்கல பெரிம்மா."

ஐயோ, அத்தக் கேட்ட நிமிசமே மெத்தையிலேர்ந்து டில்லிபாபுவ வாரிக்கினு ஓடியாந்து ஆட்டோல ஏறுனோம். கல்மண்டபத்தாண்ட கன்டெய்னர் லாரிங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணு அடைச்சிக்கினு நிக்குது. இந்தாண்டயும் போவல, அந்தாண்டயும் போவல. கோவிந்தம்மா யமுனாவ இடுப்புல தூக்கிக்கினு எறங்கி ஓடுனா. லாரிக்காரனுங்க திட்டுனானுங்க. "எந்தங்கச்சி, எந்தங்கச்சி"ங்கறதத் தவுர அவ வாயில வேற வார்த்தை வரல. நான் கைப்புள்ளையோட பின்னாடியே ஓடுனேன். தெருக்கோடியில பொகை தெரிஞ்சிச்சி. போச்சிடா மாதாவேன்னு நெஞ்சில அடிச்சிக்கினேன். கிட்டப் போனா, படகுக்குப் பூச எவனோ தாரு காய்ச்சிக்கினு கீறான்.

வூட்டுக் கதவு சாத்தியிருந்திச்சி. கோவிந்தம்மா இடிச்ச இடியில ரகுபதி தொறந்தான். கெரசின் நாத்தம் கொடலப் பொரட்டுச்சி. தரையெல்லாம் ஈரம். மலரு தலைக்குக் குளிச்சிட்டு ஸ்டவ்வு முன்னாடி கையில தீப்பெட்டியோட நின்னுகினு இருந்தா. உசுரோட நின்னுகினு இருந்தா, சாமி!

"இன்னாக்கா, இருட்டவே இல்ல, அதுக்குள்ளயா?"ன்னான் ரகுபதி. அவன் மூஞ்சியில வேர்வை.

கோவிந்தம்மா மலரு கையப் புடிச்சித் தரதரன்னு தெருவுக்கு இஸ்துக்கினு வந்தா. கொயாயடியில பொம்பளைங்க கூட்டம். "கேன் சாஞ்சி ஊத்திக்கிச்சிக்கா, அதான் நாத்தம். அவரு ஆசையா டீ கேட்டாரு, அதுக்குப் போய் ஏங்க்கா என் மானத்த வாங்குற?"ன்னு மலரு அயுவுறா. இப்பக்கூட அவனுக்குத்தான் பேசறா. கோவிந்தம்மா கத்துவா, அவன் சட்டையப் புடிப்பான்னு நெனச்சேன். அவ குரலக்கூட ஒசத்தல. யமுனாவ எல்லாருக்கும் முன்னாடி நிக்க வச்சா.

"கண்ணு, அந்தப் போலீஸ் அக்காகிட்ட சொன்னியே, அத்த இங்க சொல்லு."

"ஏய் யமுனா, உள்ள வாடீ!"ன்னான் ரகுபதி. வாசப்படிய வுட்டு எறங்கல.

"சைக்கிள் பெரிம்மா வாங்கித் தரேன். சொல்லு செல்லம்."

கொயந்த காலச் சேத்து வச்சா. கையக் கட்டிக்கினா. ஒரு எயுத்து வுடாம அம்மா மொகத்தப் பாத்துக்கினே சொல்லி முடிச்சா. கொடம் ரொம்பித் தண்ணி வயிஞ்சிகினு கீது, கொயாய மூட ஆளில்ல. மலரு கையில இருந்த தீப்பெட்டி கீய வுயுந்திச்சி.

யமுனா திரும்பி வாசப்படியில நின்னவனப் பாத்தா. "தப்பில்லாம சொன்னேனாப்பா?"

எங்கையிலேர்ந்து டில்லிபாபுவ வாங்கி இடுப்புல வச்சிக்கினு, மலருதான் பதில் சொன்னா.

"தப்பில்லாம சொன்னடி கண்ணு. வா, போலாம்."