கம்பை எறியாத ஜாகா

தேயிலைத் தோட்டத்தில் அம்மா இருந்த தொழிலாளர் லயத்துக்குக் காவல் நின்ற ஜாகா அவர். பாராங் கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டேதான் பேசுவார். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, தானா ராத்தா டவுனிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்து, லயத்தைச் சுற்றிய முள்கம்பித் தடுப்பைத் தாண்டிய என் வலது கையைக் கம்பால் அடித்து உடைத்தவர்.

தடை நீங்கிய காலையில் மறுபடி போனேன். பகையாளியை வெட்டுவதுபோல் அந்தத் தடுப்பை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். முள் கிழித்து முழங்கை வரை ரத்தம்.

"போ லா, உங்கம்மா காத்துக்கிட்டு இருக்கு."

சுவரில் அதே கம்பு சாய்ந்திருந்தது.

"அதையும் தூக்கிப் போட்டுடலாமே, அண்ணே?"

"கெடக்கட்டும். நோய் திரும்பி வந்துச்சின்னா, உனக்கு இடது கை இருக்குல்ல."

குளிரில் கை வலிக்கும்போதெல்லாம் அவரைத் திட்டுகிறேன். திட்டி முடித்ததும், அந்த லயத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.