கடைசி ஃபிலிமில் ஒரு படகு

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில், ஜன்னல் இல்லாத அறையில், நாள் முழுக்க கேட்டலாக்குக்காக போல்ட்டுகளைப் படம் எடுப்பது என் வேலை. இன்று ஒரு போல்ட்டின் நிழல் வெள்ளைத் தாளில் படகுபோல் விழுந்தது. ஆசையாக எடுத்துவிட்டேன்.

புதுப்பட்டினத்தில் அத்தா வைத்திருந்த ஸ்டுடியோவும் இப்படித்தான், அடைத்த அறை. கறுப்புத் திரை, பவுடர் வாசனை, சுவரில் பெயிண்டில் வரைந்த ஒரு கடல். நிஜக் கடலிலிருந்து வருகிறவர்கள் தலைவாரிக்கொண்டு அதன் முன்னால் மூச்சடக்கி நிற்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள், ரோலில் ஒரு ஃபிலிம் மிச்சமிருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகை எடுத்தேன்.

கழுவியதும் அத்தா நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்தார். "இன்னாம்மா இது? ஆளே இல்ல!"

"படகு நல்லா கீது அத்தா."

"அது தெனம் அங்கதான கீது. அத யாரு படமா கேக்கப் போறா?" என்றவர், கத்தரியால் அந்த ஒன்றை மட்டும் வெட்டிப் போட்டார்.

இன்று சூப்பர்வைசர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, நிழல் வுழுந்து கீது. அழிச்சிடுங்க."

அத்தாவுக்குக் கத்தரி தேவைப்பட்டது. எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.