சுன்ஹீ அன்ரி காத்திருந்த பதில்

"சுன்ஹீ அன்ரி மோசம் போயிட்டா அக்கா. ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் அறிவிச்சவை" என்று எங்கள் கட்டடப் பராமரிப்பாளர் காலையில் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை.

"விடியக்கூட வாசிச்சுக்கொண்டிருந்தவா. சுவருக்கால கேட்டனே" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "மூண்டு நாளா அந்த வீட்டில ஒருத்தரும் இல்லை அக்கா."

சுன்ஹீ அன்ரி அமெரிக்காவில் வளர்ந்த கொரியப் பெண்மணி. பதினெட்டு வயது மகளை ஏரியில் பறிகொடுத்தபின் இங்கே வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் என் பக்கத்து வீட்டில் இருந்து நாவல்கள் எழுதினார். எழுதியதை ஒரு வெறும் கதிரைக்கு முன்னால் உரக்க வாசிப்பார். நிறுத்துவார். பதிலுக்குக் காத்திருந்துதான் திருத்துவார். பிள்ளையை இழந்த தாய்மார், அவருடைய புத்தகத்தை வாசித்த பிறகே நித்திரை வந்ததென்று கடிதம் போடுவார்கள். அவருக்கு நித்திரை வந்ததா என்று நான் கேட்டதேயில்லை.

எங்கள் பழக்கம் என் பிழையில் தொடங்கியது. ஒரு மாலை அவர் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கள்ளர் புகுந்துவிடுவார்கள் என்று நல்லெண்ணத்தில் இழுத்துச் சாத்தினேன். உடனே வெளியே ஓடி வந்தார். நாங்கள் பேசியது ஆங்கிலம், என்னுடையது உடைந்த ஆங்கிலம். என் நினைவில் அது தமிழாகவே இருக்கிறது.

"சாத்திப்போட்டீங்களா? பிள்ளை இன்னும் உள்ளுக்கு வரேல்லை."

அன்று மகளின் நினைவு நாள்; இறந்தவர் உள்ளே வரக் கதவைத் திறந்துவைத்துச் சோறு படைப்பது அவர்கள் வழக்கம். மேசையில் சோற்றிலும் சூப்பிலும் ஆவி பறந்தது. நான் நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் சிரித்து, என்னையும் இருத்திச் சாப்பாடு தந்தார்.

பிறகொருநாள் என் தம்பி ஜூட்டைப் பற்றிச் சொன்னேன். போர்க்காலத்தில் மன்னாரில் அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. நாங்கள் அவனுக்கு ஒரு பூசையும் வைக்கவில்லை.

"அவருக்கும் ஒரு சோத்துக் கோப்பை வைக்கட்டோ?" என்று கேட்டார்.

எனக்கு மூக்குநுனியில் கோபம். "என்ர தம்பி சாகேல்லை" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவருடைய சகோதரரின் மகள் என் பெயரிட்ட உறையொன்றைத் தந்தார். உள்ளே கடைசிக் கதை. அதில் ஒரு இளைஞன் சாப்பிட வந்து அமர்கிறான். அமர முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுகிறான்.

ஜூட் அப்படித்தான் செய்வான். அதை நான் அன்ரியிடம் சொன்னதில்லை. எவரிடமும் சொன்னதில்லை.

"அக்கா ஏன் என்னைப் போகவிடுறா இல்லை?" என்று அவன் கேட்கிறான். அதன்கீழ் வெறும் தாள்.

அந்த வெறும் தாளைப் பார்த்து, "போ, ராசா" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு எழும்பிக் கோயிலுக்குப் போய், இறந்தோருக்கான பூசைக்கு இரண்டு பெயர்கள் கொடுத்தேன்.

போய் வாருங்கள், சுன்ஹீ அன்ரி. ஜூட்டுக்கு ஆங்கிலம் தெரியாது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.