அவள் கேட்ட ஈடு

சில வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாத வெயிலில், எங்கள் தூத்துக்குடி உப்பளப் பக்கம் நடந்த சம்பவம் இது.

நான் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் கல்லாவில் பல வருடங்கள் இருந்தவன். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசியே அரபு பழகிவிட்டது. எழுதப் படிக்க வராது. ஆனால் பேச்சில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் கடை வைக்கவே கூடாது.

ஒருநாள் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். ஆவணப்படம் எடுப்பவராம். அரபு நாடுகளிலிருந்து வந்திருக்கும் சில இளைஞர்களுக்கு இங்கே பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார். அவர்கள் அவரவர் ஊரில் படம் எடுப்பவர்கள், மக்கள் பிரச்சினைகளுக்காக உழைப்பவர்கள். ஒரு கஷ்டத்தைப் படமாக்கி, அதைச் சம்பந்தப்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டி, உட்கார்ந்து பேசவைத்து, எப்படி மாற்றத்தைக் கொண்டுவருவது என்பதுதான் பாடமாம். முன்பு இவர் எடுத்த ஒரு படத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் பக்கத்து உப்பளம் ஒன்றில் தொழிலாளர்கள் வெயிலுக்கு ஒதுங்க ஒரு கூரை போட்டார்களாம். அதனால் பயிற்சியையும் இங்கேயே வைத்துவிட்டார். உப்பளப் பெண்களோடு பேச, அரபும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கூப்பிடு தூரத்தில் துறைமுகம். கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் உப்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வருவார்கள்? யார் செலவு செய்கிறார்கள், போலீசுக்குத் தெரியுமா என்று துருவித் துருவிக் கேட்டேன். அவர் பொறுமையாக அனுமதிக் கடிதங்களை எடுத்துக் காட்டினார். கடிதத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி உள்ளேயிருந்து, "ஒங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? நாளைக்கு ஸ்டேஷன் வாசல்ல போயி நிக்கதுக்கா?" என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். கூடவே இருந்தால்தானே இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும்.

வந்திருந்தவர்களில் எனக்குச் சரியாகப் படாதவள் ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மற்றவர்கள் கப்பலைப் பார்த்தாலும் கருவாட்டைப் பார்த்தாலும் செல்ஃபி எடுப்பார்கள். இவள் மட்டும் யாராவது போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊரார் முகத்தையெல்லாம் படம் எடுக்க வந்தவள் தன் முகத்தை ஏன் ஒளிக்கிறாள்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

அதோடு விடவில்லை. நான் எந்த நாட்டில் வேலை பார்த்தேன், அங்கே இன்னும் யாரோடு பேசுகிறேன், தூதரகத்தில் தெரிந்தவர்கள் உண்டா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். நான் வேலை பார்த்ததும் அவள் நாட்டில்தான் என்று தெரிந்ததும், எனக்கு அனுப்பியிருந்த குரல் செய்திகளையெல்லாம் அழித்துவிட்டாள். நான் அவளை வேவு பார்த்துக்கொண்டிருக்க, அவள் என்னை ஒற்றன் என்று நினைத்திருக்கிறாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. இவளிடம் ஏதோ இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டினேன்.

அவளுக்குப் பேசக் கிடைத்தவர், அளத்தில் உப்பு சுமக்கும் நாற்பது வயதுப் பெண். என் கடைக்கு வருபவர்தான். கணவர் இல்லை, ஒரே மகன். வேலைக்குப் போகிற பெண்கள் காலையிலிருந்து வாயில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வார்கள், வெட்டவெளியில் ஒதுங்க இடம் கிடையாது என்பதால். அப்படி இருந்தே அவருக்குச் சிறுநீரகத்தில் கல். அதைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. ஆனால் முன்பு யாரோ படம் எடுக்க வந்தபோது வாயைத் திறந்த ஒரு பெண்ணை, மறுநாளே வேலை இல்லை என்று அளத்துக் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ஒரு மதியம், வேலை முடிந்து அவர் வந்ததும், பயிற்சி கொடுக்கும் அம்மாவும் அந்த அரபுப் பெண்ணும் நானும் அவர் வீட்டில் போய் உட்கார்ந்தோம். கேமரா பையிலேயே இருந்தது. பேசியவருக்குப் படத்தை முதலில் காட்டுவோம், அவர் வேண்டாம் என்பதை நீக்கிவிடுவோம், அதன்பிறகுதான் வெளியே போகும், இதுதான் எங்கள் முறை என்று அந்த அம்மா விளக்கினார்.

உப்பளப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இவ படத்த எடுத்துக்கிட்டு ஊரு போயிருவா. நா நாளைக்கும் அளத்துக்குத்தான போவணும் அண்ணாச்சி? வாயால சொன்னா போதுமா? ஈடு என்ன தாரா?"

என்ன ஈடு என்று கேட்டேன். வெளியே தெரிந்தால் தனக்குக் கேடு வரக்கூடிய ஒன்றை அவளும் தன் முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும், அதை அவர் தன் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்வார். அவள் சொன்ன சொல் தவறினால் இவர் கையிலும் ஒன்று இருக்குமாம்.

சரியான கேள்வி என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இப்போது சாயம் வெளுத்துவிடும் என்று நினைத்து, ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அந்த அரபுப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. பயிற்சி கொடுக்கும் அம்மா, அப்படிச் செய்ய வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்று தடுத்தார். அவளோ, சொல்கிறேன் என்றாள். ஆனால் இந்த ஆள் வெளியே போக வேண்டும் என்று என்னைக் காட்டினாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். ஆனால் உப்பளப் பெண் விடவில்லை. "அண்ணாச்சி, இங்கன வாங்க. அவ ஏபிசிடி சொன்னாக்கூட எனக்குத் தெரியாதுல்லா. நெசமா பொய்யான்னு நீங்கதான் சொல்லணும்."

ஆக, இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் என்னை நீண்ட நேரம் பார்த்தாள். கல்லாவில் ஒரு பெரிய நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

தன் பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் சொன்னாள். அவள் ஊரில் வீட்டுவேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை ரகசியமாகப் படம் எடுத்திருக்கிறாள். வீட்டுக்காரர்கள் அவள் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அடைத்து வைத்திருந்த கதை. முகத்தை மறைத்துத்தான் படத்தை வெளியிட்டாள். ஆனால் ஜன்னல் திரைச்சீலை தெரிந்துவிட்டது. அதை வைத்து, பேசியது தங்கள் வீட்டு வேலைக்காரி என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வேலைக்காரப் பெண் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியவில்லை. படம் எடுத்தது யார் என்று அங்கே இன்னும் தேடுகிறார்கள். நான்தான் எடுத்தேன் என்று அவள் அந்தச் சின்னப் போனைப் பார்த்துச் சொன்னாள். பேசுகிறவருக்குக் கெடுதல் வராமல் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளத்தான் இங்கே வந்தேன் என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். எங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கும் அப்படிப்பட்ட பெண்கள் வருவார்கள். வீட்டுக் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் எனக்குச் சைகை காட்டி, முதலாளியம்மா பார்ப்பதற்குள் போனுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்வார்கள். அவள் சொன்ன தெருவும் எனக்குத் தெரிந்த தெருதான்.

"நெசமா அண்ணாச்சி?" என்றார் உப்பளப் பெண்.

"நெசம்தாம்மா," என்றேன். யாருக்கும் எதற்கும் ஜாமீன் நிற்பதில்லை என்று இருந்த என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அதன்பிறகு படம் எடுத்தார்கள். வேறொருவருடைய காலி நிலத்தில், முதுகை மட்டும் காட்டி, குரலை மாற்றி. முடிந்ததும் அவர் வீட்டிலேயே போட்டுக் காட்டினார்கள். தலைச்சுமையோடு அவர் நடந்து போகிற ஒரு காட்சி ரொம்ப நன்றாக இருந்தது. அவரோ, தன் நடையைக் கணக்கப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார், அது வேண்டாம் என்றார். அந்தப் பெண் மறு பேச்சு இல்லாமல் எங்கள் கண் முன்னாலேயே அதை நீக்கிவிட்டாள்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பயிற்சி கொடுத்த அம்மா படத்தை அதிகாரிகளிடமும் அளத்து முதலாளிகள் சிலரிடமும் போட்டுக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன். பேசியது யார் என்று கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராக விசாரித்தாராம். அந்த நாட்களில் உப்பளப் பெண் கடைக்கு வரத் தாமதமானால் எனக்குக் கல்லாவில் இருப்புக்கொள்ளாது. நெசம் என்று சொன்னவன் நானல்லவா? நல்லவேளையாக யார் என்று தெரியவே இல்லை. மழைக்காலம் முடிந்து வேலை தொடங்கியபோது, அளத்தின் ஓரத்தில் பெண்களுக்குத் தகரத் தடுப்போடு ஒரு கழிப்பறை கட்டியிருந்தார்கள்.

அதைச் சொல்ல உப்பளப் பெண் கடைக்கு வந்தபோது வேறு யாரும் இல்லை. அந்த அரபுப் பெண்ணின் பதிவைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அத அன்னைக்கே அழிச்சாச்சே. அவ தெருமுக்கு திரும்புததுக்குள்ள அழிச்சிட்டேன். எம்மவன் எந்நேரமும் அந்தப் போனத்தான நோண்டுதான்? எங்கயாவது போயிச் சேந்துட்டா அந்தப் புள்ள என்னத்துக்கு ஆவா?"

"பொறவு எதுக்கும்மா ஈடு கேட்ட?"

"தருவாளான்னு பாத்தேன்," என்றார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர் திரும்பிப் பார்த்து, "நீங்க யாருட்டயும் சொல்லலல்லா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இப்போதும் அது எந்த நாடு என்று எழுதவில்லை. வேறு சில விவரங்களையும் வேண்டுமென்றே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யாரையும் நம்பாமலே கடை நடத்தி வந்த என்னை இரண்டு பெண்கள் ஒரே மதியத்தில் நம்பிவிட்டார்கள் என்று நினைத்தால், எனக்கு இன்றும் பெருமையைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது.