குழியும் தயார், வண்டியும் தயார்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது, மாடிப்படியின் நடுத் திருப்பத்தில் பூனை சுருண்டு படுத்திருந்தது. தினமும் அங்கேதான் படுக்கும்; கதவுச் சத்தம் கேட்டால் ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பும். அன்று திருப்பவில்லை. அருகில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துப் பார்த்தேன். உறக்கத்திலேயே போயிருந்தது. முகத்தில் வேதனையின் சாயல் எதுவும் இல்லை. எப்போதும் உள்ள அந்த மெல்லிய அலட்சியம் அப்படியே இருந்தது.

எங்கள் வீடு, மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. மேல்தளத்தில் அப்பா, அம்மா, நான். கீழ்த்தளத்தில், தி.நகர்க் கடைகளுக்காகப் புடவைகளில் ஜரிகை வேலை செய்து கொடுக்கும் பாயும் அவர் மனைவியும். அந்த அம்மாவை நான் ஆன்ட்டி என்று அழைப்பேன். இரண்டு குடும்பங்களுமே வாடகைக்கு இருப்பவை. உரிமையாளர் பெங்களூரில் வசிக்கிறார். நாங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குடிவந்தோம். அப்போதே இந்தச் செம்மஞ்சள் கடுவன் மதிற்சுவரின் மேல் அமர்ந்து, இரு வீட்டுச் சாமான்களும் இறங்குவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தது.

மேல்வீட்டில் அதற்கு ஒரு பெயர், கீழ்வீட்டில் வேறொரு பெயர். எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் அது வந்ததில்லை. காலையில் அம்மாவின் தயிர்சாதம். மதியம் ஆன்ட்டியின் கைமா. "எங்காத்துப் பூனை மீனைத் திரும்பிக்கூடப் பாக்காது" என்று அம்மா உறவினர்களிடம் பெருமை பேசுவாள். "மேல பாவம், வெறும் மோருசோறு போட்டு எளைக்க வெச்சிட்டாங்க" என்று ஆன்ட்டி இரட்டைப் பங்கு வைப்பார். அப்படி 'இளைத்த' அந்தப் பூனையால், தொப்பையின் கனத்தில், கடைசி இரண்டு ஆண்டுகளாக மதிலில் தாவி ஏற முடியவில்லை.

செய்தி கேட்டுக் கீழ்வீட்டார் படியேறி வந்தார்கள். ஆன்ட்டி சற்று அழுதார்; அம்மாவும் அழுதாள். பாய், வேலையில் மிஞ்சிய பட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பூனையை அதில் பொதிந்தார். பிறகு எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு விருப்பம் இருந்தது. எங்கள் கொல்லைப்புறம் முழுவதும் சிமென்ட் பூசியது. நந்தியாவட்டைச் செடியின் கீழே மட்டும் கொஞ்சம் மண் மிச்சம் உண்டு. பூனை அங்கே இருக்க வேண்டும். நான் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. முதுகலை வகுப்பில்கூட, விடை தெரிந்தாலும் கை உயர்த்தமாட்டேன். எனவே அப்பா உள்ளே வந்து, "புதைக்கறதுதான் சரி" என்று சொன்னபோது, கேட்காமலே கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். ஆனால் அவர் காரணம் வேறாக இருந்தது.

"அவா மண்ணுல வைக்கறவா. அதுக்குக் குறுக்கே நாம நிக்கப்படாது. நமக்கென்ன, அனுசரிச்சுண்டு போவோம்."

அப்பா கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர். மண்வெட்டியை வாழ்நாளில் தொட்டதில்லை. பக்கத்து அடுக்ககத்தில் அதை இரவல் வாங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நந்தியாவட்டையின் கீழே வெட்டத் தொடங்கினார். நான்கு வெட்டுக்கு ஒருமுறை நிறுத்திக் கைப்பேசியை மண்ணின் மேல் வைத்துப் பார்த்தார்.

"என்னப்பா பாக்கற?"

"திசை. மேற்கே, கொஞ்சம் வடக்கே சாஞ்சு இருக்கணும். அவா தொழற திசை. பாய் மனசு நோகப்படாதோல்லியோ?"

அவர் குழியை வெட்டவில்லை, வடிவியல் கணக்கு ஒன்றைத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கங்கள் அத்தனை நேராக இருந்தன.

பத்து மணியளவில் வாசலில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. செல்லப்பிராணிகளுக்கான எரிவாயுத் தகனமேடையிலிருந்து வந்த வண்டி. முன்னிருக்கையிலிருந்து பாய் இறங்கினார். ஒரு கையில் சாமந்தி மாலை. மறு கையில் இரண்டு பொட்டலங்கள்.

"சார், எல்லாம் ஏற்பாடு பண்ட்டேன். உங்க வூட்ல நெருப்புதானே முறை? வாய்க்கரிசிக்குப் பச்சரிசியா புழுங்கலான்னு தெரியல. ரெண்டும் வாங்கியாந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே கொல்லைப்புறம் வந்தவர் குழியைக் கண்டார். அப்பா மாலையைக் கண்டார். இருவரும் ஒரே சமயத்தில் பதறினார்கள்.

"ஐயோ பாய், நான் உங்களுக்காகன்னா வெட்டினேன்!"

"நான் உங்களுக்காகத்தான் சார் வண்டி சொன்னேன்!"

"அப்போ நெருப்புக்கே போகட்டும். நீங்க இவ்வளவு அலைஞ்சிருக்கேள்."

"அதெப்டி சார், நீங்க கை கொப்புளிக்க வெட்டிக்கீறீங்க. மண்ணுதான்."

"உங்க இஷ்டம்தான் பாய்."

"நோ சார், உங்க இஷ்டம்."

உணவகத்தில் பில்லை நான்தான் கொடுப்பேன் என்று மல்லுக்கட்டுபவர்களைப் போல இருவரும் பூனையை மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். சத்தம் கேட்டு அம்மாவும் ஆன்ட்டியும் வந்தார்கள். அப்பாவின் திசைக் கணக்கைக் கேட்ட ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார்.

"பூனைக்கு ஏதுங்க கிப்லா? தொழுகை விரிப்புல படுத்துத் தூங்கும். ஒரு நாளாவது தொழுதிருக்கா?"

அம்மா அரிசிப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தாள். "பூனைக்கு யாராவது வாய்க்கரிசி போடுவாளா? இதுல புழுங்கல் வேற!" அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

பூனைக்கென்று இரு வீட்டிலும் எந்த முறையும் கிடையாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெளிவாயிற்று. ஆனால் அது சிக்கலைத் தீர்க்கவில்லை. மற்றவரின் முறை என்ற பிடிமானமும் போய்விட்டதால், யாருக்கும் எதையும் சொல்லத் துணிவில்லை. வண்டி ஓட்டுநர் மதிலில் சாய்ந்து நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது? குழியும் ரெடியா கீது, வண்டியும் ரெடியா கீது. பூனை மட்டும் நடுவுல மாட்டிக்கினு கீது."

"நீங்களே ஒரு வழி சொல்லுங்கோளேன்" என்றார் அப்பா.

"சிம்பிள் சார். எரிச்சா சாம்பல ரெண்டு டப்பால போட்டுத் தருவாங்க. மேல் வூட்டுக்கு ஒண்ணு, கீழ் வூட்டுக்கு ஒண்ணு. நாளைக்கி வூடு மாறினாலும் கையோட எடுத்துக்கினு போலாம்."

அத்தனை நியாயமான யோசனை அன்று காலை முதல் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பாயின் முகம் மலர்ந்தது. அம்மா தலையசைத்தாள். "வூடு மாறினா இத விட்டுட்டா போறதுன்னுதான் எனக்கும் இருந்துச்சு" என்று ஆன்ட்டி கண்ணைத் துடைத்தார். அப்பா மண்வெட்டியைச் சாத்திவிட்டு, குழியருகே கொண்டுவந்து வைத்திருந்த பட்டுப் பொதியைத் தூக்கக் குனிந்தார்.

"வேண்டாம்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூனையே எழுந்து பேசியிருந்தால்கூட அவ்வளவு வியந்திருக்கமாட்டார்கள். நான் மேலும் ஏதாவது சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் அந்த வண்டி கிளம்பிவிடும்.

"எடுத்துண்டு போறதுக்கு அது நம்ம சாமான் இல்லப்பா. நாம எல்லாரும் குடிவந்தவா. நாம வர்றதுக்கு முன்னாடியே அது இங்க இருந்தது. நாம போனப்பறமும் இங்கயே இருக்கட்டும். அதுதான் ஹவுஸ் ஓனர். ஓனரைப் போய் யாராவது காலி பண்ணச் சொல்லுவாளா?"

பாய் வெடித்துச் சிரித்தார்.

"அரே, நம்ம பேட்டி, நம்ம பொண்ணு பேசுது! சரியாத்தான் சொல்லுது சார். இவரு ஒருத்தருதான் வாடகையே ஏத்தாத ஓனரு!"

"ரிப்பேரும் ஒண்ணும் பண்ணினதில்லையே" என்றார் அப்பா. ஓட்டுநர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

குழிக்குள் பொதியை நானே இறக்கினேன். பூனை சுருண்டபடியே இருந்ததால் அதன் முகம் தன் வாலையே நோக்கியிருந்தது. அப்பாவின் திசைக்கு அதில் வேலை இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். மாலையை வீணாக்க மனமின்றிப் பாய் அதை நந்தியாவட்டையின் கிளையில் மாட்டினார். பச்சரிசி எங்கள் சமையலறைக்கும் புழுங்கல் அவர்கள் சமையலறைக்கும் போயின.

பிறகு எல்லோரும் மாடிப்படியிலேயே உட்கார்ந்தோம். அம்மா காபி கொண்டுவந்தாள். ஓட்டுநருக்கு இரண்டாம் முறையும் கொடுத்தாள். பூனை கவிழ்த்த பால் பாத்திரங்களும், அது படுத்ததால் மறுபடி துவைக்க நேர்ந்த கல்யாணப் புடவையும் பேச்சில் வந்தன. ஆன்ட்டி தயங்கித் தயங்கிக் கைமா விஷயத்தைச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "தெனமும் மதியம் மீசையில மசாலா வாசனையோடதானே மேல வரும். சைவம்னு சொல்லிண்டா எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்."

சாயங்காலம் மண்ணின் மேல் ஒரு செடி நட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அம்மா ரோஜா வைக்கலாம் என்றாள், ஆன்ட்டிக்குப் பிடிக்கும் என்பதால். ஆன்ட்டி துளசி வைக்கலாம் என்றார், அம்மாவை எண்ணி. "நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்று இருவரும் தொடங்கியதும், நான் எழுந்து மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேருந்து பிடித்து அடையாற்றுக்குப் போனேன். சாலையோர நாற்றுப் பண்ணைக்காரர் அப்போதுதான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மொட்டு நிறைந்த இட்லிப்பூச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். யாரையும் கேட்காமல் அதை நட்டு, நீர் ஊற்றி, கைகழுவிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினேன்.