‘ஆம்’ போடும் ரேணுகாம்பாள்

கரும்பலகையின் முன்னால் நின்று, எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் காற்றில் விரலால் எழுதிப் பார்க்கிறார் ரேணுகாம்பாள். பலகையின் அகலத்துக்குள் அது அடங்கும் என்று தெரிந்த பிறகுதான், காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகியிருக்கும் சாக்பீஸ் வெளியே வருகிறது. வானொலியில் டில்லிச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கிளம்பினால், முதல் மணி அடிப்பதற்குள் எழுதி முடித்துவிடுவார். இன்றைய பலகை இது:

பிள்ளையார்பாளையத்தில் தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருக்கிறார்கள். சுற்றி வருக.

விடுதிக் கிணற்றில் தண்ணீர் ஓர் உறை இறங்கியிருக்கிறது.

கணக்கு ஆசிரியை வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம்

டில்லியில் மந்திரிகள் மாறுகிறார்களாம்

தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டியிருந்ததை வரும் வழியில் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்து உறை வளையங்களை எண்ணினார். ஆகவே அவற்றுக்கு முற்றுப்புள்ளி உண்டு. குழந்தையும் மந்திரிகளும் காதால் கேட்டவை. அவற்றுக்கு ‘ஆம்’ உண்டு, புள்ளி கிடையாது. சாயங்காலம் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தால், நாளைக் காலையில் கட்டை விரலை நாக்கில் தொட்டு ‘ஆம்’ என்பதை அழித்துத் திருத்திவிடுவார். மந்திரிகளின் ‘ஆம்’ அநேகமாக அப்படியே இருந்து மறையும்.

காஞ்சிபுரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் நூலகர் அவர். பட்டு நெய்யும் ஊரில் ஆண்டு முழுவதும் பருத்திப் புடவைதான். வெயிலோ மழையோ, கையில் ஆண்பிள்ளைக் குடை ஒன்று. நூலகத்தில் அவர் குரல் கேட்பது அபூர்வம். கல்லூரி வாசலில் நின்றால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பலகைக்கு அவரே ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசுகிறார். அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை.

கல்லூரிக்கு வயது அதிகம். திரை கட்டிய மாட்டு வண்டிகளில் பெண்பிள்ளைகள் வந்து இறங்கிய காலத்தில் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. வண்டிகள் நின்ற கொட்டகையில் இன்று மாணவிகளின் சைக்கிள்கள் நிற்கின்றன. பெயர் பெரியது, ஆனால் சென்ற ஆண்டு வரை அது ‘இரண்டாந்தரக் கல்லூரி’. பட்டப் படிப்புக்கு முந்திய பி.யூ.சி.யோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். வீட்டில் மனம் வைத்தால் சென்னை, இல்லாவிட்டால் கல்யாணம். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்குத் தெரியும், படிப்பு நிற்பது பாடம் கடினமானதால் அல்ல. பஸ் போகிற தூரத்தால்.

ரேணுகாம்பாளே அப்படி நின்றவர்தான். வாலாஜாபாத்தில் அரிசி மில் கணக்கரின் மகள். இண்டர்மீடியட் இங்கேதான் படித்தார். மேலே வகுப்பு இல்லை. நூலகச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு இதே வாசலுக்குத் திரும்பி வந்தார்.

“எங்க செட்டுல மேல படிச்சவங்க ரெண்டே பேரு. மிச்ச பேரு எல்லாம் நல்லா சமைப்பாங்க” என்பார், சிரிக்காமல்.

செய்தி கொண்டுவரும் யாரையும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பாத்தியா, கேட்டியா?”

“கேட்டேங்க்கா.”

“அப்ப ஆம்.”

ஆம் போட்டாலும் எல்லாவற்றையும் எழுதிவிடமாட்டார். இன்னார் மகள் இன்ன பையனோடு சினிமாக் கொட்டகையில் நின்றாளாம் என்று ஒருத்தி மூச்சிறைக்க வந்தால், “ஒரு பொண்ணு பேரு கெடற சமாசாரத்துக்கு போர்டுல எடம் கெடையாது. ஒன் வாயிலயும் எடம் குடுக்காத, போ” என்று அனுப்பிவிடுவார்.

மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஆமக்கா’. ‘ஆம்’ போடுகிற அக்கா என்று ஒரு பொருள். செய்தி ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு நகர்ந்து நகர்ந்து பலகைக்கு வருவதால் ஆமை அக்கா என்று இன்னொரு பொருள். இரண்டும் அவருக்குத் தெரியும். “ஆமைக்கு ஆயுசு ஜாஸ்தி, தெரிஞ்சிக்கோங்க” என்று ஒருமுறை வகுப்பறைச் சன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நிலவில் மனிதர் இறங்கிய மறுநாள், பலகையில் ‘நிலவில் இருவர் இறங்கினராம்’ என்று இருந்தது. பௌதிக விரிவுரையாளர் அம்மையாருக்குப் பொறுக்கவில்லை.

“உலகமே ஒத்துக்கிச்சு. நீங்க மட்டும் ஆம் போடறீங்களே, ரேணுகா.”

“உலகம் பாத்துதா மேடம், கேட்டுதா?”

“பேப்பர்ல போட்டோ வரும். அப்ப என்ன பண்ணுவீங்க?”

“வரட்டும். ‘நிலவில் இறங்கிய படம் பேப்பரில் வந்துள்ளது’ன்னு எழுதி, புள்ளியும் வெக்கறேன்.”

“சரி, நீங்க பொறந்தத நீங்க பாத்தீங்களா?”

ரேணுகாம்பாள் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் காதால கேட்டதுதான்” என்று ஒப்புக்கொண்டார். அந்தப் புரட்டாசியில் ஒரு நாள், ‘இன்று நூலகர் பிறந்த நாளாம்’ என்று பலகையில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. பௌதிக அம்மையார் ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு செய்து கொண்டுவந்து, “இது வெந்துதாம், இனிக்குதாம்” என்று சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் கொடுத்தார்.

பலகை வாசல் கம்பிக் கதவுக்கு உள்ளே, தெருவைப் பார்த்து நிற்பதால் மாணவிகளோடு அதற்கு வேறு வாசகர்களும் உண்டு. ரிக்‌ஷாக்காரர்கள், எதிர்ப்புற டீக்கடையில் நிற்பவர்கள், விடுதிச் சமையலுக்கு வாழையிலையும் காய்கறியும் கொண்டுவரும் ஆதிகேசவன். அவர் பக்கத்துக் கூரம் கிராமத்து விவசாயி. சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றி, எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் இறங்குவார்.

ஓர் ஐப்பசியில், கூரத்து ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று டீக்கடையில் ஒரே கூச்சல். “ஓடுயா, ஒன் நெலம் போச்சு” என்றார்கள் அவரிடம். ஆதிகேசவன் பலகையைப் பார்த்தார். ‘ஏரிக்கரை உடைந்ததாம்’ என்று இருந்தது. டீ ஒன்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “அந்தம்மா ஆம் போட்டிருக்குது. நான் எதுக்கு ஓடணும்?” ஊருக்குப் போய்ப் பார்த்தபோது கரை கரையாகவே இருந்தது. அன்று முதல் அந்தப் பலகை அவருக்குக் கோயில் கல்வெட்டு மாதிரி.

அந்த நம்பிக்கைதான் சென்ற மார்ச்சில் அவர் மகளுக்கே வினையாக வந்தது.

மகள் பெயர் அலமு. விடுதியில் தங்கி பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் விலங்கியல் புத்தகங்களை அதிகம் புரட்டியவள் அவள்தான். பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆதிகேசவன் கல்நெஞ்சர் அல்லர். “இங்கியே மேல்படிப்பு இருந்தா படிக்கட்டும், நான் வாணாங்கல. மெட்ராஸுக்கு மட்டும் அனுப்பமாட்டேன்” என்பது அவர் பேச்சு. பட்ட வகுப்பு வருகிறது, வருகிறது என்று ஊரில் ஆண்டுதோறும் பேச்சு எழும். ஆண்டுதோறும் அது பலகையில் ‘ஆம்’ என்று ஏறி, ‘ஆம்’ என்றே மறையும்.

அந்த மார்ச்சில் ஒரு புதன்கிழமை காலையில் சென்னையிலிருந்து பிரின்சிபால் அம்மையாருக்குத் தொலைபேசி வந்தது. பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்துவிட்டது என்று செய்தி. அம்மையார் செருப்புப் போடவும் மறந்து நூலகத்துக்கே வந்துவிட்டார். ரேணுகாம்பாள் கேட்டுக்கொண்டார். காற்றில் எழுதிப் பார்த்தார். பிறகு எழுதினார்:

வரும் ஜூன் முதல் நம் கல்லூரியில் பட்ட வகுப்புகள் தொடங்குகின்றனவாம்

“இதுக்குமா ஆம்? நானே போன்ல கேட்டேனே, ரேணுகா.”

“கேட்டீங்க மேடம். அதான்.”

அம்மையாருக்குக் கோபம் வரவில்லை. “ஆர்டர் தபால்ல வந்ததும் அழிப்பீங்க இல்ல?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மத்தியானம் அலமு நூலகத்துக்குள் வந்தாள். புத்தகம் எதையும் எடுக்காமல் மேசையருகே நின்றாள்.

“அக்கா, அந்த ரெண்டு எழுத்த அழிச்சிடுங்கக்கா.”

“எந்த ரெண்டு?”

“வாவும் ம்மும். தொடங்குகின்றனன்னு நின்னா போதும். வெள்ளிக்கெழம காலைல மாப்ள வீட்டுலேர்ந்து பூ வெக்க வர்றாங்க. நாளைக்கு சாயங்காலம் அப்பா வந்து என்ன கூட்டிக்கினு போயிடுவாரு. பூ வெச்சிட்டா முடிஞ்சிது. அப்புறம் யாரு சொன்னாலும் எங்க வீட்டுல மாத்தமாட்டாங்க.”

“பிரின்சிபால் மேடத்த விட்டு அப்பாகிட்ட சொல்லச் சொல்லேன்.”

“சொன்னாங்கக்கா, காலைல அப்பா எல குடுக்க வந்தப்பவே. ‘நீங்க பெரியவங்க, சொல்றீங்க. ஆனா போர்டுல ஆம் நின்னுக்கினு இருக்குதே’ங்கிறாரு. ‘அந்தம்மா ஆம எடுக்கட்டும், நானே மாப்ள வீட்டுக்கு ஆள் அனுப்பி நிறுத்தறேன்’ங்கிறாரு.”

ரேணுகாம்பாள் மேசையில் கிடந்த சாக்பீஸை எடுத்தார், வைத்தார். இரண்டே எழுத்து. தொலைபேசியில் சொன்னவர் பொய் சொல்கிறவரும் அல்லர்.

“நானே போயி அழிச்சிட்டா?” என்றாள் அலமு, மெல்ல.

“அழிச்சிக்கோ. ஈரத் துணி அந்தக் கொடியில இருக்குது. ஆர்டர் வராம போச்சுன்னா, நாளைக்கு ஒங்கப்பா எத நம்பி ஒனக்குத் தலையாட்டுவாரு? அதையும் சொல்லிட்டு அழி.”

அலமு அழிக்கவில்லை. அழுதுகொண்டும் போகவில்லை. “எங்கப்பா மாதிரியேதான் நீங்களும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை ரேணுகாம்பாள் வசவாக எடுத்துக்கொண்டாரா, பாராட்டாகவா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் பலகையில் புதுச் செய்தி எதுவும் இல்லை. பழைய வரியின் கீழே யாரோ ஒரு குறும்புக்காரி கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘ஆமக்கா இன்று லீவாம்’.

ஆமக்கா அப்போது பூந்தமல்லியைத் தாண்டிக்கொண்டிருந்தார். சென்னைக்கு முதல் பஸ், சன்னல் ஓரம், மடியில் குடை. பிராட்வேயில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக அலுவலகத்துக்குள் நுழைந்தார். ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது. அந்த மேசை சாப்பிடப் போயிருந்தது. திரும்பி வந்த எழுத்தர் நல்ல மனிதர். “ஆர்டர் கையெழுத்தாயிடுச்சும்மா. தபால்ல வந்துடும். கவலப்படாம ஊருக்குப் போங்க” என்றார்.

“காட்டுங்க.”

“நான்தான் சொல்றேனே.”

“நீங்க சொல்லி நான் கேட்டா, எங்க ஊர்ல ரெண்டெழுத்து கூடுதலாப் போடணும் சார்.”

எழுத்தருக்குப் புரியவில்லை. ஆனாலும் எதிரில் நின்ற குடையும் குரலும் நகர்கிற மாதிரி இல்லை. காகிதக் கட்டைப் பிரித்துக் காட்டினார். ரேணுகாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்லூரியின் பெயரிலிருந்து கையெழுத்து வரை வாசித்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். “நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கடற்கரைக் காற்றில் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் பஸ் ஏறினார்.

சாயங்காலம் கல்லூரி வாசலில் ஆதிகேசவன் சைக்கிள் கேரியரில் அலமுவின் டிரங்குப் பெட்டியை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அலமு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இரு கேசவா, என்னா அவசரம்? டீ ஒண்ணு அடிச்சிட்டுப் போயேன்” என்று காவல்காரர் சபாபதி தன்னால் முடிந்த வரைக்கும் நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். ஆதிகேசவன் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. புடவை கசங்கி, முகமெல்லாம் ரோட்டுப் புழுதியாக ரேணுகாம்பாள் இறங்கினார். குடையைச் சபாபதியின் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பலகைக்குப் போனார்.

“என்னாம்மா,” என்றார் ஆதிகேசவன். “பாத்தீங்களா, கேட்டீங்களா?”

ரேணுகாம்பாள் கட்டை விரலை நாக்கில் தொட்டார். வாவையும் ம்மையும் அழித்தார்.

ஆதிகேசவன் சைக்கிளைப் பிடித்தபடியே எழுத்துக்கூட்டினார். “தொ... டங்... கு... கின்... றன.” கடைசி எழுத்துக்குப் பிறகு இருந்த ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தார். குனிந்து முதல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவது முடிச்சில் கை நின்றது.

“புள்ளி வெக்கலியேம்மா.”

ரேணுகாம்பாள் இடுப்பிலிருந்து சாக்பீஸை உருவினார். ஈரம் காயும் வரைக்கும் அந்த இடத்தில் ஊதினார். பிறகு, சொல்லை ஒட்டினாற்போல், சாக்பீஸ் இரண்டாக ஒடியும் அளவுக்கு அழுத்தி, புள்ளி வைத்தார்.